பிள்ளைக்கு நோயை விளக்கும் கதைப்புத்தகம்: நாமே எழுதுவது எப்படி?

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று அறவாரிய அன்பர்கள் கேட்டபோது, சமயம் சார்ந்த பொருள் ஒன்றை எழுதலாமா என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு, கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் கதை வகுப்பில் சில ஆண்டுகளாக நாங்கள் செய்து வரும் ஒரு சிறு பணியைப் பற்றி எழுதுவது பலருக்கும் பயன்படும் என்று தோன்றியது. நீண்ட நாள் நோயோடு வாழும் பிள்ளைக்கு, அந்நோய் இன்னதென்று விளங்க வைக்கும் கதைப்புத்தகத்தைப் பெற்றோரும் ஆசிரியரும் தாமே எழுதித் தயாரிப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கதை சொல்லிக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. மூன்று இளவரசர்களுக்கு நீதியைப் புகட்ட விஷ்ணுசர்மா விலங்குக் கதைகளைக் கையாண்டார் என்றே பஞ்சதந்திரம் தொடங்குகிறது. நம் பாட்டிமார்கள் சோறு ஊட்டவும் கதை சொன்னார்கள், தூங்க வைக்கவும் கதை சொன்னார்கள். ஆனால் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டால் மட்டும் நமக்கு வாய் அடைத்துப் போகிறது. மருத்துவர் சொன்னதைப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். பிள்ளை அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். அப்படி நின்ற பேச்சின் மிச்சத்தைப் பிள்ளை தானாகவே கற்பனை செய்து நிரப்பிக்கொள்கிறது. அது பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமாக இருப்பதைத்தான் என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

ஆஸ்த்மா, தலசீமியா, வலிப்பு, சிறுநீரகக் கோளாறு என்று பிள்ளைகளுக்கு வரும் நீண்ட நாள் நோய்கள் பல. எல்லாவற்றையும் பொதுவாகப் பேசினால் எதுவும் மனத்தில் நிற்காது. ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு நோயே அது.

பெயரில் உள்ள சிக்கல்

நம் நாட்டில் பேச்சு வழக்கில் இதை 'இனிப்பு நீர்' என்கிறோம். தமிழகத்தார் 'சர்க்கரை வியாதி' என்பர். இரண்டு பெயரிலும் இனிப்பு இருக்கிறது. பெயரைக் கேட்டதுமே பிள்ளைக்குத் தோன்றுவது, 'நான் இனிப்புத் தின்றேன், அதனால் வந்தது' என்பதுதான். உறவினர்களும் அதையே உறுதிப்படுத்துகிறார்கள். "அப்போதே சொன்னேன், மைலோவும் சாக்லெட்டுமாய்க் கொடுக்காதே என்று" என ஒரு பெரியம்மா சொன்னால் போதும். பிள்ளைக்கும் தாய்க்கும் ஒரே நேரத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஏறக்குறைய ஐவரில் ஒருவர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. தாத்தாவுக்கோ அத்தைக்கோ அது இருக்கும். அவர்கள் மாத்திரை போடுவார்கள். காப்பியில் சீனி போட மாட்டார்கள். பிள்ளைக்கு வந்திருப்பதும் அதுவே என்று வீடு முழுவதும் எண்ணிக்கொள்ளும்.

முதல் வகை வேறு. நம் கணையத்தில் இன்சுலின் என்னும் சுரப்பை உண்டாக்கும் செல்கள் உள்ளன. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றல், ஏதோ ஒரு கட்டத்தில் இச்செல்களை அயலார் என்று தவறாகக் கருதி அழித்துவிடுகிறது. பரம்பரைக் கூறு ஓரளவு இருக்கலாம். ஆனால் இனிப்புத் தின்றதால் இது வருவதில்லை. தாய் கருவுற்றிருந்தபோது சாப்பிட்டதாலும் வருவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதும் இல்லை. மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், உடல் இளைத்தல் ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகள்.

இந்நோய்க்கு மாத்திரை போதாது. இன்சுலின் வெளியிலிருந்து நாள்தோறும் உடலுக்குள் சென்றாக வேண்டும். அதை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் ஏறி, ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "ஊசியை நிறுத்திவிட்டு இந்தக் கசாயத்தைக் கொடுத்துப் பாருங்கள்" என்று அன்போடு சொல்ல வருபவர்கள் நம்மிடையே குறைவில்லை. நாம் எழுதும் கதையின் எந்த மூலையிலும் அந்த எண்ணத்திற்கு இடம் இருத்தல் கூடாது.

பிள்ளை வாய்விட்டுக் கேட்காதவை

நோயைப் பற்றிப் பிள்ளைகள் எப்படி எண்ணுகிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. ரோஜர் பிபேஸ், மேரி வால்ஷ் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. மிகச் சிறிய பிள்ளைகள் அருகில் இருந்த ஏதோ ஒரு பொருளையோ நிகழ்ச்சியையோ நோய்க்குக் காரணமாகச் சொல்கிறார்கள். சற்று வளர்ந்தவர்கள் தொட்டதால், தின்றதால், அழுக்கு உள்ளே போனதால் என்கிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதளவில்தான் உடலுக்குள் ஓர் உறுப்பு வேலை செய்யாமல் போவது என்னும் கருத்து தெளிவாகிறது. பிறகு 1985-இல் சூசன் கேரி எழுதிய நூல், வயதைவிட உடலைப் பற்றிய அறிவே இங்கு முக்கியம் என்று வாதிட்டது. ஆசிரியனாக இருந்த எனக்கு இந்த இரண்டாவது கருத்தே ஏற்புடையது. சொல்லிக்கொடுத்தால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரிகிறது.

இன்னொன்றையும் ஜான் பியாஜே 1932-ஆம் ஆண்டிலேயே எழுதினார். தவறு செய்தால் அந்தத் தவறே எப்படியோ தண்டனையாகத் திரும்பி வரும் என்று சிறு பிள்ளைகள் இயல்பாகவே நம்புகிறார்களாம். அப்படியானால், நோய் வந்த பிள்ளை தேடுவது என்ன? தான் செய்த தவறைத்தான். தம்பியை அடித்தது, பொய் சொன்னது, பூசை அறையில் இருந்த லட்டுவை எடுத்தது என்று ஏதாவது ஒன்று எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கும்.

நம் வீடுகளில் இந்த எண்ணத்திற்கு நாமே நீர் ஊற்றுகிறோம். "யார் செய்த பாவமோ", "போன பிறவியில் என்ன செய்தோமோ" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். வினைக் கொள்கையின் ஆழத்தை ஆராய இக்கட்டுரையில் இடமில்லை. எனக்கு அதற்குத் தகுதியும் இல்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் காதில் அது தத்துவமாக விழுவதில்லை. 'நான் கெட்ட பிள்ளை, அதனால் சாமி எனக்கு ஊசி போடச் சொல்லிவிட்டார்' என்றுதான் விழுகிறது. பிள்ளை கேட்கும் தொலைவில் அந்தப் பேச்சைப் பேசாதிருக்குமாறு தாத்தா பாட்டிகளைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் ஆண்டு படித்த ஒரு பையனை நினைத்துக்கொள்கிறேன். நோய் கண்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. மருத்துவமனையில் எல்லாவற்றையும் நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விரலில் தானே குத்திக்கொள்வான், எண்ணைப் படிப்பான், கெட்டிக்காரன். ஒரு நாள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தாமலேயே கேட்டான்: "சார், தாத்தாவுக்கு இனிப்பு நீர்னு கால எடுத்துட்டாங்க. எனக்கு எப்ப எடுப்பாங்க?"

நான்கு மாதம் அவன் இந்தக் கேள்வியோடு படுத்து எழுந்திருக்கிறான். அவனுக்குத் தரப்பட்ட கையேட்டில் உணவு அட்டவணை இருந்தது, ஊசி போடும் இடங்களின் படம் இருந்தது. இதற்கான பதில் இல்லை. இருக்கவும் வழியில்லை, ஏனெனில் கையேடு மருத்துவர் சொல்ல வேண்டியதை வைத்து எழுதப்படுகிறது. கதைப்புத்தகத்தை நாம் பிள்ளை கேட்க அஞ்சுவதை வைத்து எழுத வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டிற்காகத்தான் வீட்டிலேயே புத்தகம் செய்யுங்கள் என்கிறேன். தாத்தாவின் கால் கதை அந்த வீட்டாருக்குத்தானே தெரியும்?

ஆகவே எழுதத் தொடங்குமுன் பிள்ளையைப் பேச விடுங்கள். 'உனக்கு என்ன பயம்?' என்று நேராகக் கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடும். ஒரு பொம்மையைக் கொடுத்து, 'இந்த யானைக்கும் இனிப்பு நீர் வந்துவிட்டது, அது என்ன நினைக்கிறது?' என்று கேளுங்கள். யானை எல்லாவற்றையும் சொல்லிவிடும். பெரும்பாலும் நான்கு கேள்விகள் வருகின்றன: என்னால் வந்ததா, மற்றவருக்கு ஒட்டுமா, தாத்தாவைப்போல் ஆகிவிடுவேனா, எப்போது முடியும். வீட்டில் உள்ள தங்கை தம்பியையும் கேட்க வேண்டும். 'அண்ணன்மேல் கோபத்தில் சபித்தேன், அதனால்தான் வந்தது' என்று எண்ணி வாடும் பிள்ளைகளும் உண்டு.

பூட்டிய வீடுகளின் ஊர்

இனி, நோயை எந்த உவமையால் சொல்வது? உடலுக்குள் போர், வீரர்கள், துரோகம் என்று எழுதுவோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் உடம்பையே பகைவனாக எண்ணப் பிள்ளைக்கு நாம் கற்றுத் தருதல் கூடாது. இன்சுலினைத் திறவுகோல் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் உவமை. நாங்கள் அதையே எடுத்து, அன்னதானம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏற்றவாறு ஓர் ஊராக விரித்துக்கொண்டோம். எங்கள் புத்தகத்தில் அது இப்படிப் போகிறது:

"ஓர் ஊர். அங்கே தெருவெல்லாம் வண்டிகள். வண்டி நிறையச் சோற்றுப் பொட்டலங்கள். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு பூட்டு. திறவுகோல் வந்தால் கதவு திறக்கும். பொட்டலம் உள்ளே போகும். வீட்டில் எல்லாரும் சாப்பிடுவார்கள், விளையாடுவார்கள். திறவுகோல் செய்ய ஊரில் ஒரே ஒரு பட்டறை. ஒரு நாள் ஊர்க்காவலர்கள் அதைத் திருடன் வீடு என்று தப்பாக நினைத்து மூடிவிட்டார்கள். பட்டறைக்காரர் ஒரு தப்பும் செய்யவில்லை. ஊரில் உள்ள பிள்ளைகளும் ஒரு தப்பும் செய்யவில்லை."

பிறகு திறவுகோல் இல்லை. வண்டிகள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன. தெருவெல்லாம் பொட்டலம் குவிகிறது; வீட்டுக்குள்ளே எல்லாரும் பசியில் சோர்ந்து கிடக்கிறார்கள். தெருவைக் கழுவிவிட ஊரார் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

தெரு என்பது இரத்தக் குழாய். பொட்டலம் என்பது உணவிலிருந்து வரும் சர்க்கரை. வீடுகள் உடலின் செல்கள், பட்டறை கணையம். இரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழிந்தும் பிள்ளை ஏன் இளைக்கிறது, ஏன் ஓயாமல் தண்ணீர் கேட்கிறது, ஏன் இரவில் படுக்கை நனைகிறது என்பதெல்லாம் இந்த ஒரே படத்தில் விளங்கிவிடுகின்றன. படுக்கை நனைந்ததற்காக அடி வாங்கிய பிள்ளைக்கு இந்தப் பக்கம் பெரிய ஆறுதல்.

ஊசி என்பது வெளியூரிலிருந்து வரும் திறவுகோல். இந்த உவமையின் சிறப்பு, எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் அதிலேயே சொல்லிவிடலாம் என்பதுதான். திறவுகோல்கள் அளவுக்கு மிஞ்சி வந்துவிட்டால் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ளும்; தெருவில் ஒரு பொட்டலமும் மிஞ்சாது. அதுதான் சீனி இறங்கிவிடும் நிலை. கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும், காரணமில்லாமல் கோபம் வரும்.

சீனியே மருந்தாகும் நேரம்

இந்த இடத்தைக் கதையில் கடந்து ஓடிவிடக் கூடாது. வகுப்புத் தோழர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மிகவும் குழப்பம் தருவது இதுவே. ஒரு பள்ளியில், நடுக்கம் கண்ட பிள்ளை பையிலிருந்து இனிப்புப் பானத்தை எடுத்தபோது, "உனக்குத்தான் இனிப்பு நீர் ஆயிற்றே" என்று பொறுப்பில் இருந்தவர் அதைப் பிடுங்கி வைத்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, தெரியவில்லை. நல்ல வேளையாகப் பக்கத்து வகுப்பு ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது.

இரத்தச் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் உடனே விரைவில் கரையும் இனிப்புக் கொடுக்க வேண்டும். பொதுவாகச் சொல்லும் அளவு 15 கிராம். சிறு பிள்ளைகளுக்கு எடைக்கேற்பக் குறையும். பிள்ளையின் மருத்துவர் சொன்ன அளவே சரியானது. 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். பிள்ளை மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர உதவியை அழைக்க வேண்டும். எங்கள் கதையில் இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கினோம். அதில் நாயகியின் தோழிதான் பானத்தை எடுத்துக் கொடுக்கிறாள், ஆசிரியரிடம் ஓடுகிறாள். வகுப்பில் வாசித்தபோது எல்லாப் பிள்ளைகளும் அந்தத் தோழியாக ஆசைப்பட்டார்கள். அதற்கு முன், 'அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும்' என்று தள்ளிப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

வெளிநாடுகளில் இப்படிப்பட்ட நூல்கள் பல உண்டு. ஆன் எம். மார்ட்டின் எழுதிய சிறுவர் நாவல் வரிசையில் ஸ்டேசி என்னும் சிறுமிக்கு இந்த நோய் இருப்பது 1986-இலேயே கதைப்பொருளாயிற்று. 2011-இல் டிஸ்னி நிறுவனமும் லில்லி மருந்து நிறுவனமும் இணைந்து, நீரிழிவு உள்ள கோக்கோ என்னும் குரங்குக் குட்டியை நாயகியாக்கின. ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு அவற்றைத் தாராளமாகத் தரலாம். ஆனால் தோசை, இடியாப்பம், ரொட்டி சானாய், கோயில் பிரசாதம் இவற்றை அந்த நூல்களில் தேட முடியாது. நம் பிள்ளையின் துன்பம் இருப்பதோ அங்கேதான்.

பிரசாதத்தையே எடுத்துக்கொள்வோம். பூசை முடிந்து பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். சர்க்கரைப் பொங்கல் தருபவர் ஒரு பிள்ளையைப் பார்த்து, "உனக்கு வேண்டாம்மா" என்று கையை நகர்த்திக்கொள்கிறார். அன்பினால்தான். ஆனால் சாமி எல்லாருக்கும் கொடுத்தது தனக்கு இல்லை என்று அந்தப் பிள்ளை அறிந்துகொள்கிறது. இன்றைய மருத்துவ முறையில் இதற்குத் தேவை இல்லை. உணவில் உள்ள மாவுச்சத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ப இன்சுலின் அளவை அமைத்துக்கொள்ளப் பெற்றோருக்கு மருத்துவமனையில் கற்றுத் தருகிறார்கள். ஆகவே கதையில் தாயும் மகளும் ஒரு சிறு கிண்ணத்தில் பொங்கலை அளந்து, கணக்குப் போட்டு, ஊசி போட்டுக்கொண்டு, மற்றவர்களோடு அமர்ந்து உண்கிறார்கள். நினைத்தபோதெல்லாம் தின்னலாம் என்றும் எழுதவில்லை, தொடவே கூடாது என்றும் எழுதவில்லை.

சொற்களில் கவனம்

வகுப்பிற்கு வந்த ஒரு தாய் எழுதியிருந்த வரி: "ஊசி வலிக்கவே வலிக்காது." முதல் ஊசியிலேயே பிள்ளை இதைப் பொய் என்று கண்டுகொள்ளும், பிறகு புத்தகத்தில் உள்ள மற்றவற்றையும் நம்பாது. 'சுருக்கென்று இருக்கும். பிறகு பத்து வரை எண்ணு' என்று மாற்றினோம். பத்து எண்ணுவதற்கும் காரணம் உண்டு. பேனா வடிவ ஊசியில் மருந்து முழுவதும் இறங்க, பொத்தானை அழுத்திய பின்னும் சில விநாடி அப்படியே வைத்திருக்க வேண்டும். பிள்ளை தமிழில் எண்ணட்டும். தமிழ் ஆசிரியனுக்கு அதில் ஒரு மகிழ்ச்சி.

கருவி காட்டும் எண்ணை 'நல்ல எண்', 'கெட்ட எண்' என்று எழுதாதீர்கள். 'கூடுதல்', 'குறைவு', 'அளவாக' என்ற சொற்கள் போதும். எண் கெட்டது என்றால் பிள்ளை தானும் கெட்டதென்று எண்ணும். அடுத்த முறை எண்ணை மறைக்கும், மாற்றியும் எழுதும். சுரம் கண்டாலும் கவலைப்பட்டாலும்கூட எண் ஏறும். தோலில் ஒட்டிக்கொள்ளும் உணர்கருவிகள் வந்துவிட்ட இக்காலத்தில் சில நிமிடத்திற்கு ஒரு முறை எண் வருகிறது. அத்தனை முறையும் பிள்ளை பரீட்சை எழுத வேண்டுமா?

தாத்தாவின் காலுக்கும் ஒரு பக்கம் எழுதினோம். தாத்தாவின் நோய் வேறு வகை என்பதும், சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாகவே இருந்ததால் பாதத்தில் உணர்வு குறைந்து, புண் ஆறாமல் போனது என்பதும் அதில் உண்டு. 'உனக்கு ஒருபோதும் எதுவும் வராது' என்று வாக்குத் தரவில்லை. 'அளவைப் பார்த்து வருவதும், ஆண்டுதோறும் மருத்துவர் உன் கண்ணையும் காலையும் பார்ப்பதும் இதற்காகத்தான்' என்று எழுதினோம். அந்தப் பையன் அதைப் படித்துவிட்டு, தாத்தாவையும் தன்னையும் அருகருகே வரைந்து, தன் இரண்டு கால்களிலும் காலணி மாட்டினான்.

கதையை எங்கே முடிப்பது?

பக்தி மணம் கமழும் குடும்பங்களில் இது கடினமான கேள்வி. தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்த சிறுமிக்கு முருகன் அருளால் நோய் பறந்துபோயிற்று என்று முடிக்கப் பலர் விரும்புகிறார்கள். வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதைப் படித்த பிள்ளை தானும் பால்குடம் எடுக்கும். மறுநாள் காலையில் கருவி பழையபடியே எண்ணைக் காட்டும். அப்போது பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? தன் வேண்டுதல் போதவில்லை, தன் பக்தியில் குறை என்றுதான். எந்தக் குற்ற உணர்விலிருந்து மீட்கப் புத்தகம் எழுதினோமோ, அதே குழியில் கடைசிப் பக்கத்தில் தள்ளிவிட்டதாகும். ஊசியை ஒரு நாள் விட்டுப் பார்க்கலாமே என்று பெரியவர்களுக்குத் தோன்றினால் ஆபத்து இன்னும் பெரிது.

எங்கள் நாயகியும் பத்துமலைக்குப் போகிறாள். 272 படிகள். உடலை வருத்தும்போது சர்க்கரை இறங்கக்கூடும். ஆகவே அடிவாரத்தில் அளந்து பார்த்து, இரண்டு பிஸ்கட் தின்கிறாள். பாதிவழியில் உட்கார்ந்து மீண்டும் பார்க்கிறாள். பின்னால் வந்த பாட்டி ஒருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருகிறார். இருவரும் சேர்ந்து ஏறுகிறார்கள். மேலே அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று புத்தகத்தில் எழுதவில்லை. இறங்கியதும் தோள் பையிலிருந்து பேனாவை எடுக்கிறாள். அவ்வளவுதான்.

பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு உண்மை வரலாறே நல்ல கதையாகும். 1922-க்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகளுக்குப் பட்டினிக்குச் சமமான உணவுக் கட்டுப்பாடு ஒன்றே வழியாக இருந்தது. டொராண்டோவில் 1921-இல் பேண்டிங்கும் பெஸ்டும் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக, 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி எலும்பும் தோலுமாக அங்கே வந்து சேர்ந்தாள். ஊசியால் தேறினாள், படித்தாள், மணந்தாள், பிள்ளைகளைப் பெற்று 1981 வரை, எழுபது வயதையும் கடந்து வாழ்ந்தாள். நான் பிள்ளைகளுக்கு எழுதும்போது எலிசபெத்தையே நாயகியாகக் கொள்கிறேன். 'பிறகு என்ன ஆயிற்று?' என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். லெனார்ட் 1935-இல் இளவயதிலேயே மறைந்துவிட்டான். அவன் கதையும் சொல்லத்தக்கதே, ஆனால் முதல் புத்தகத்திற்கு அன்று.

திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில், நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர் என்னும் நால்வகையையும் மருத்துவத்தின் கூறுகளாக வைத்தார். நோயுற்றவரையும் ஒரு கூறாக எண்ணியதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். கதையில் எல்லாவற்றையும் அம்மாவும் மருத்துவருமே செய்துகொண்டிருந்தால் பிள்ளைக்கு அங்கே வேலையில்லை. விரலைத் துடைப்பது, எண்ணைப் படிப்பது, இன்று எந்தப் பக்கத்துத் தொடை என்று தேர்ந்தெடுப்பது என ஒரு சிறு செயலாவது நாயகி கையில் இருக்கட்டும்.

செய்முறை

ஆறு ஏ4 தாள்களை நடுவில் மடித்தால் 24 பக்கப் புத்தகம் ஆகிவிடும். சிறு பிள்ளை கையாள்வது என்பதால் இரும்புக் கம்பி அடிக்காமல் நூலால் தைத்துவிடுங்கள். ஐந்தாறு வயதினருக்குப் பக்கத்திற்கு இரண்டு மூன்று வரி போதும். நாயகன் யானையாகவோ முயலாகவோ இருக்கலாம். எட்டு வயதுக்கு மேல் விலங்கு வேண்டாம், 'என்னைக் குழந்தையாக நினைக்கிறார்கள்' என்று முகம் சுளிப்பார்கள். ஓவியம் வராதவர்கள் கவலைப்பட வேண்டாம். படங்களைப் பிள்ளையே வரையட்டும். ஊசியை மட்டும் உண்மையான அளவில் வரையச் சொல்லுங்கள். பயந்த பிள்ளை அதை ஈட்டியளவு வரையும். அப்படி வரைந்தால் அதைப் பற்றிப் பேச உங்களுக்கு ஒரு வாய்ப்பு.

எழுதி முடித்ததும் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவரிடமோ நீரிழிவுத் தாதியரிடமோ ஒருமுறை காட்டுங்கள். மருந்தின் அளவு, எண்கள் எதையும் நம் நினைவிலிருந்து எழுதுதல் கூடாது. சிகிச்சை மாறும்போது அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்து மாற்றி எழுதித் தைக்கலாம். தையலின் வசதி அது.

நான்கு படிகள் தேவைப்படும். ஒன்று பிள்ளைக்கு, ஒன்று தாத்தா பாட்டி வீட்டிற்கு, ஒன்று வகுப்பறைக்கு. நான்காவது படியை மலாயில் எழுதிக்கொள்ளுங்கள். தேசியப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அதுவே வகுப்பில் உதவும். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் அடுக்ககத்தில் மாலை நேரத்தில் கூடி விளையாடும் தோழர்கள் எல்லாரும் தமிழர்களாக இருப்பதில்லை. எங்களிடம் உள்ள இரண்டு புத்தகங்களும் கதை வகுப்பு அலமாரியில் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிறகு வந்தால் எடுத்துப் பார்க்கலாம், நகல் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையின் பெயர் எழுத வேண்டிய இடங்களைக் காலியாக விட்டிருக்கிறோம்.